ஓடையில் கழுவிய லாரி

ரிபாச்சியே
1988 நவம்பர் 14

இயக்குநர் மெடர் அஷிரோவ் அவர்களுக்கு,

என்னை நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. லாரி ஓட்டும் பெக்தூரின் மகள் கனிஷாய். இரண்டு வருடம் முன்பு நீங்கள் கதை எழுத எங்கள் ஊருக்கு வந்தீர்கள். விடுதியில் கணப்பு எரியவில்லை என்று மூன்று வாரம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டீர்கள். அப்போது உங்களை அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். இப்போது அந்த வார்த்தை எழுத வரவில்லை.

உங்கள் ‘ஐந்து மணி நேரத் தாமதம்’ படத்தைச் சனிக்கிழமை மதியம் எங்கள் கலாச்சார மாளிகையில் போட்டார்கள். ஊரே வந்திருந்தது. அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொண்டு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

படத்தில் ஊர் பெயரை மாற்றிவிட்டீர்கள், ஆள் பெயரை மாற்றிவிட்டீர்கள். அதனால் என்ன? இளம் மனைவி ஒருத்தி காணாமல் போகிறாள். அவள் தலைத்துணி ஏரிக்கரையில் கிடக்கிறது. அன்றைக்கு அந்த வழியாகக் கம்பளி மூட்டை ஏற்றிப் போன லாரிக்காரன் ஐந்து மணி நேரம் தாமதமாக நகரத்துக்குப் போய்ச் சேருகிறான். கணவன் ஒரு விதமாகச் சொல்கிறான், மீனவன் ஒரு விதமாகச் சொல்கிறான், லாரிக்காரன் ஒரு விதமாகச் சொல்கிறான். கடைசியில் லாரிக்காரன் ஓடையில் வண்டியை நிறுத்தி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பின்பக்கத்தைக் கழுவுகிறான். அவன் முகம். பிறகு இருட்டு.

விளக்கு போட்டதும் ஆரம்பித்தது.

“அவன்தான்யா கொன்னான். இல்லன்னா எதுக்குக் கழுவுறான்?”

“ஏன், உன் வண்டிய நீ கழுவினதே இல்லையா? அந்த நாத்தம் எங்க வீடு வரைக்கும் வருதே!”

சிரித்தார்கள். சிரித்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். காணாமல் போன ஜிபேக்கின் கணவன் சாமத் நாற்காலி மேல் ஏறி நின்றான். “பத்து வருஷமா நான் கரடியாக் கத்தினேன். ஒருத்தன் கேட்டீங்களா? இப்ப சினிமாக்காரனே சொல்லிட்டான், போங்க!” என்றான்.

வீட்டுக்கு வந்து அப்பா பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். தலை நிமிராமல் கேட்டார்: “கழுவினத நீயா சொன்னே?”

ஆமாம் என்றேன்.

“ம்” என்றார். அவ்வளவுதான்.

ஜிபேக் காணாமல் போன மறுநாள் அவர் ஓடையில் லாரியைக் கழுவியதை நான் மட்டும்தான் பார்த்தேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. போலீஸிடம் சொல்லவில்லை. அப்பாவிடம் கேட்கவும் இல்லை. உங்களிடம் மட்டும், நீங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஏன் என்றே தெரியாமல் சொன்னேன். “இது படத்துக்கு இல்ல தங்கச்சி, நமக்குள்ள இருக்கட்டும்” என்றீர்கள்.

இப்போது அப்பா தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சரக்குக் கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் படத்தில் அந்த லாரிக்காரன் கொன்றானா, இல்லையா?

கனிஷாய்


ஃபுரூன்ஸே
1988 டிசம்பர் 2

அன்புள்ள கனிஷாய்,

நினைவில்லாமல் எப்படிப் போகும்? உன் அப்பா புகையில் வாட்டிய மீனை உரித்து என் தட்டில் வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. உங்கள் மனம் நொந்திருந்தால் வருந்துகிறேன்.

ஆனால் நீ கேட்கும் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒளிக்கிறேன் என்று நினைக்காதே. பதில் இல்லாமல் விட வேண்டும் என்றுதான் அந்தப் படத்தையே எடுத்தேன். மூன்று வருடம் முன்பு இப்படி ஒரு முடிவை வைத்திருந்தால் தணிக்கைக் குழு விட்டிருக்காது. கடைசிப் பத்து நிமிடம் ஒரு போலீஸ் அதிகாரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து யார், எப்போது, எதனால் என்று பாடம் நடத்தியிருப்பார். ஜனங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் மறந்திருப்பார்கள். இப்போது மறக்க முடியவில்லை அல்லவா? மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள், மூன்றும் பொருந்துகிறது, எதுவும் முழுசாகப் பொருந்தவில்லை. வாழ்க்கையே அப்படித்தானே. முடிவு படம் எடுத்தவனுடையது இல்லை, பார்ப்பவர்களுடையது. திபிலிஸியில் ஒரு பேராசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டு இதைத்தான் சொன்னார்.

ஊர் கொஞ்ச நாள் பேசும், ஓயும். அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல். அவரை நான் எவ்வளவு மதிக்கிறேன் என்பது உனக்குத் தெரியும்.

மெடர்


ரிபாச்சியே
1988 டிசம்பர் 13

மெடர் அஷிரோவ் அவர்களுக்கு,

உங்கள் வணக்கத்தை அப்பாவிடம் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

ஊர் ஓயவில்லை. மீன் ஆலையின் திரைப்பட வட்டத்தில் கை தூக்கச் சொல்லி எண்ணினார்களாம். கொன்றான் என்று அறுபத்தொன்று, கொல்லவில்லை என்று நாற்பது. அதைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அறுபத்தொன்றில் ஒருத்தி என்னோடு மருத்துவமனையில் ஊசி போடுபவள். “அது படத்துல வர்ற ஆளுக்குத்தான்டீ, உங்கப்பாவுக்கு இல்ல” என்கிறாள். சொல்லிவிட்டு என் கண்ணைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். அப்பாவுக்கு ஒரு வாரமாகச் சரக்கு கொடுக்கவில்லை. லாரிப் பணிமனை மேலாளர் கேட்டாராம்: “பெக்தூர் அண்ணே, கொஞ்ச நாள் ஓய்வெடுங்களேன். பசங்க உங்ககூட வண்டியில ஏற மாட்டேங்குறானுங்க.” அப்பா சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

சாமத் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு மனு எழுதியிருக்கிறான். பத்து வருடத்துக்கு முன்பு அப்பாவைப் பதினொரு நாள் வைத்து விசாரித்து விட்டுவிட்டார்கள். டயர் வெடித்தது, அதனால் தாமதம் என்று அப்பா சொன்னதை அப்போது யாராலும் பொய்யாக்க முடியவில்லை. வண்டியைக் கழுவியது அந்தக் கோப்பில் இல்லை. இப்போது இருக்கிறது, உங்கள் புண்ணியத்தில். என் புண்ணியத்தில்.

நீங்கள் பெரிய பெரிய வார்த்தை எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சினிமா தெரியாது. நோயாளிகளைத் தெரியும். வலிப்பது போல நடிப்பவனுக்குக்கூட எங்கே வலிக்கிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கடைசிக் காட்சியில் உங்கள் நடிகர் ஒரு முறை வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைப் பார்க்கிறாரே. எதைப் பார்க்கிறார்? அவர் உங்களிடம் கேட்காமல் இருந்திருக்க மாட்டார். அவரிடமும் திபிலிஸிப் பேராசிரியரின் கதையைச் சொன்னீர்களா? இல்லை, பதில் சொன்னீர்களா?

கனிஷாய்


ஃபுரூன்ஸே
1988 டிசம்பர் 27

கனிஷாய்,

உன் கடிதத்தை நாலு நாள் கையிலேயே வைத்திருந்தேன்.

கேட்டார். ஓடைக்கரையில், கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அந்த நடிகர் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். “ஊருக்கு என்ன வேணா சொல்லுங்க. என்கிட்ட சொல்லுங்க. நான் கொன்னேனா?” நான் சொன்னேன்: “கொன்னே.”

அதனால்தான் அவர் கையை அப்படிப் பார்க்கிறார். மூன்று விதமாகவும் பொருந்துகிறது என்று உனக்கு எழுதினேன். பொய். கடைசி நிமிடத்தில் தராசில் நான் விரலை வைத்தேன். அறுபத்தொரு பேர் கை தூக்கினார்கள் என்றால் அவர்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் எழுதிய முடிவு வேறு. அதைப் படமாகவும் எடுத்தேன். அதில் அந்தப் பெண் சாகவில்லை. லாரிக்காரன் அவளை ஒரு ரயில் நிலையத்தில் இறக்கிவிடுகிறான், அவள் ஏறிப் போகிறாள். உன் அப்பாவோடு மூன்று வாரம் ஒரே மேசையில் சாப்பிட்டவனுக்கு வேறு முடிவு எழுத வரவில்லை. பிறகு ஸ்டுடியோவில் இருபது பேருக்குப் போட்டுக் காட்டினோம். ரயில் வந்ததும் ஒருத்தர் கொட்டாவி விட்டார். மறுநாள் ரயிலை வெட்டினேன். ஓடைக் காட்சியை எடுத்து அங்கே வைத்தேன். படம் எழுந்து நின்றுவிட்டது. உனக்குக் கொடுத்த வாக்கு எனக்கு அப்போது நினைவில் இருந்தது. நினைவில்லை என்று சொல்லி இன்னொரு பொய்யைச் சேர்க்க மாட்டேன்.

நான் பத்திரிகைக்கு எழுதுகிறேன். இந்தக் கதை முழுக்கக் கற்பனை, உன் அப்பாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எழுதுகிறேன். அனுமதி கொடு.

கோபித்துக்கொள்ளாதே, ஒன்று கேட்கலாமா? அவர் ஏன் கழுவினார் என்று நீ இதுவரை அவரிடம் கேட்டதே இல்லையா?

மெடர்


ரிபாச்சியே
1989 ஜனவரி 19

மெடர் அண்ணா,

கேட்டேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலை. மேற்குக் காற்று கொட்டகைக் கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே போய், ரொட்டியையும் தேநீரையும் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, நானும் தரையில் உட்கார்ந்து கேட்டேன். அவர் ரொட்டியைப் பிய்த்தபடியே சொன்னார், ஏதோ சரக்கு ஏற்றிய கதை சொல்வதுபோல.

ஜிபேக்கைச் சாமத் தூக்கிக்கொண்டு போய்த்தான் கல்யாணம் செய்தான், அது ஊருக்குத் தெரியும். அவளை அடித்ததும் ஊருக்குத் தெரியும். அன்றைக்குக் காலையில் அப்பா கம்பளி ஏற்றிக்கொண்டு போகும்போது, செருப்பில்லாமல் சாலையோரம் நடந்துகொண்டிருந்தாளாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நாலு மாதம். முன்னால் உட்கார்ந்தால் யாராவது பார்ப்பார்கள் என்று பின்னால் மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டாள். ஃபுரூன்ஸேயைத் தாண்டி, எல்லைக்கு அந்தப் பக்கம் லுகோவயா நிலையம் வரை கொண்டுபோய் வடக்கே போகும் ரயிலில் ஏற்றிவிட்டிருக்கிறார். போய்த் திரும்பத்தான் அந்த ஐந்து மணி நேரம். வழியிலேயே குழந்தை போய்விட்டது. அவள் படுத்திருந்த பலகையெல்லாம் ரத்தம். அதைத்தான் மறுநாள் கழுவியிருக்கிறார்.

“அப்ப அந்தத் தலைத்துணி?”

“நான்தான் கரையில போட்டேன். ஏரியில விழுந்துட்டான்னு நெனச்சா தேட மாட்டான்ல.”

“போலீஸ்ல சொல்லியிருக்கலாமேப்பா. பதினோரு நாள் வச்சிருந்தாங்களே.”

“சொன்னா மறுநாளே சாமத் ரயில் ஏறியிருப்பான். அவ என் கையப் புடிச்சுக்கிட்டு, யார்கிட்டயும் சொல்லாதீங்க மாமான்னா. சரின்னுட்டேன். அப்புறம் என்ன?”

“என்கிட்டயாவது...”

அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் பொண்ணே. நீ கழுவறதப் பாத்தேன்னு எனக்கும் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம்தானே நின்னே. நீ ஒரு வார்த்த கேக்கல. சரி, நம்ம பொண்ணு நம்மள நம்புதுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

அண்ணா, பத்து வருடம். ஒரே வீட்டில். நான் கேட்காததை அவர் நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அதற்கு நான் வைத்திருந்த பெயர் வேறு.

அழுதேன். அவர் சமாதானமும் சொல்லவில்லை, எழுந்து போகவும் இல்லை. தேநீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: “அந்தப் படத்துக்கு எதுக்கு அவ்வளவு ஆசையா வந்தேன் தெரியுமா? ரயில்ல ஏத்தும்போது அவளுக்கு உதடு வெள்ளையா இருந்துச்சு. பொழச்சாளா, இல்ல அடுத்த ஸ்டேஷன்லயே எறக்கிப் பொதச்சாங்களான்னு எனக்குத் தெரியாது. கேக்கவும் ஆள் இல்ல. சினிமாக்காரன் நாலு எடம் போறவன், தேடி விசாரிச்சிருப்பான், கடைசியில அவ என்ன ஆனான்னு காட்டுவான்னு நெனச்சேன். ஓடையைக் காட்டினான்.”

பத்திரிகைக்கு எழுத வேண்டாம். ஒரு வரிகூட வேண்டாம். உங்களால் முடிந்தால் அவளைத் தேடுங்கள். யாருக்கும் தெரியாமல். அப்பாவை அடுத்த மாதம் விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது.

கனிஷாய்


ஃபுரூன்ஸே
1989 மார்ச் 9

தங்கை கனிஷாய்,

இதோடு இன்னொரு உறை வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி. பிறகு இதைப் படி.

எங்கே தேடுவது என்று தெரியாமல் ஒரு மாதம் அலைந்தேன். யாரிடமும் பெயரைச் சொல்லாமல் எப்படித் தேடுவது? பிறகுதான் ஸ்டுடியோவில் எனக்கு வரும் கடிதங்களின் நினைவு வந்தது. படம் நாடு முழுக்க ஓடியதால் மூட்டை மூட்டையாக வந்திருக்கின்றன. “அவன் கொன்றானா” என்று கேட்டுத்தான் எல்லோரும் எழுதுவார்கள் என்று நான் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. அந்தக் கேள்வி எனக்குப் பெருமையாக இருந்தது, பதில் எழுதுவது மட்டும் சலிப்பாக இருந்தது. ஒரு வாரம் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். இது மூன்றாவது மூட்டையில் இருந்தது. மூலையில் எங்கள் குமாஸ்தா பென்சிலால் எழுதியிருக்கிறார்: ‘முடிவு பற்றி, இன்னும் ஒருவர்.’

அஞ்சல் முத்திரையைப் பார். செப்டம்பர் மாதம். உங்கள் ஊரில் படம் போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே இது என் அறைக்கு வந்துவிட்டது. நான் விழாக்களுக்குப் போயிருந்தேன். அன்றே படித்திருந்தால் பிரதியை உங்கள் ஊருக்கு அனுப்பாமல் தடுத்திருப்பேன். தடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

போன வாரம் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பேசக் கூப்பிட்டார்கள். ஒரு மாணவி எழுந்து, வழக்கமான கேள்வியைக் கேட்டாள். “கொல்லல. அவன் யாரையும் கொல்லல. நான்தான் தப்பா எடுத்துட்டேன்” என்றேன். அரங்கம் சிரித்தது. நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார்கள். மறுபடி சொன்னேன். அந்தப் பெண்ணுக்குக் கோபமே வந்துவிட்டது. “அது உங்க கருத்து, அவ்வளவுதான் சார்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். 

உங்கள் வீட்டுக்கு வந்து அவர் காலைத் தொட வேண்டும். வரலாமா என்று அவரிடம் கேட்டு எழுது.

மெடர்


(உள்ளே இருந்த கடிதம்)

ஐயா, உங்கள் படத்தை இங்கே மதியக் காட்சியில் பார்த்தேன். யார் கதை என்று எனக்குத் தெரியும். அந்த லாரிக்காரர் யாரையும் கொல்லவில்லை. அவர் கழுவியது என் ரத்தம். தன் ஆட்டுத்தோல் கோட்டை எனக்குப் போர்த்தி, ரயில் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் இது என் மகள் என்று சொல்லி ஏற்றிவிட்டார். அந்த அம்மாள் என்னை மருத்துவமனையில் சேர்த்தார். பிழைத்தேன். இப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரரும் நல்ல மனிதர். அந்த லாரிக்காரர் உயிரோடு இருந்தால் இதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். உங்கள் படத்தில் அவர் முகம் கொடூரமாக இருக்கிறது. அவர் முகம் அப்படி இருக்காது. என்னைத் தேட வேண்டாம்.


ரிபாச்சியே
1989 ஏப்ரல் 3

மெடர் அண்ணா,

கடிதத்தை அப்பாவுக்கு மூன்று முறை படித்துக் காட்டினேன். ‘இரண்டு பிள்ளைகள்’ என்ற இடத்தில் மூன்று முறையும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். ஆணா பெண்ணா என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். “எழுதியிருக்கலாம்” என்றார்.

பிறகு உறையை வாங்கி, முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஊர் பெயரை வாய்க்குள் ஒரு முறை சொன்னார். அடுப்புக் கதவைத் திறந்து உறையை உள்ளே போட்டார். கடிதத்தை மட்டும் மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். அதில் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. எந்த அலுவலகத்திலும் அது செல்லாது. நான் தடுக்கவில்லை. நீங்களும் அந்த ஊர் பெயரை மறந்துவிடுங்கள்.

விசாரணை முடிந்தது. இளம் அதிகாரி. “படத்துல வர்ற மாதிரி வண்டியக் கழுவினீங்களா?” என்று கேட்டாராம். “கழுவினேன்.” “எதுக்கு?” “அழுக்கா இருந்துச்சு.” என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அப்பா சரக்கு இறக்கிவிட்டு வந்தால் எப்போதும் கழுவுவார், அன்றைக்கு விசேஷமாக ஒன்றும் பார்க்கவில்லை என்று சொன்னேன். பொய் சொல்லும்போது குரல் நடுங்கவே இல்லை. சினிமாவை வைத்து ஒரு ஆளைச் சிறையில் போட முடியாது என்று கோப்பை மூடிவிட்டார்கள். சாமத் வாசலில் நின்று கத்தினான். ஊர் மட்டும் கோப்பை மூடவில்லை. மூடாது என்று நினைக்கிறேன். மேலாளர் லாரிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார், ஆனால் பனி மூடிய கணவாய் வழிக்குத்தான், அதுவும் தனியாக.

நீங்கள் வெட்டி எறிந்த ரயிலைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன்.  சிரித்தார். “நல்லவேளை வெட்டினான்! அத மட்டும் வச்சிருந்தா சாமத் அன்னைக்கே ஸ்டேஷன் ஸ்டேஷனாப் போயி விசாரிச்சிருப்பான். அவன் எடுத்த முடிவே நல்ல முடிவு” என்றார்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் உங்களைப் பற்றிச் சொல்லவில்லை, அவளைப் பற்றிச் சொன்னார். நான் இன்னும் உங்களை மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

நீங்கள் வரலாமா என்றும் கேட்டேன். “வேணாம். அவன் வந்தா ஊரு வேடிக்கை பாக்கும். எதுக்கு வந்தான்னு தோண்டும். அங்கயே இருக்கச் சொல்லு” என்றார். ஆகவே உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, செய்யவும் ஒன்றும் இல்லை. யாராவது கேட்டால் பழையபடி தெரியாது என்றே சொல்லுங்கள். உங்களுக்கு அது கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். இருக்கட்டும்.

அப்பா இன்னும் கொட்டகையில்தான் சாப்பிடுகிறார். பழகிவிட்டது என்கிறார். என் தட்டையும் அங்கே எடுத்துக்கொண்டு போகிறேன். அதிகம் பேசுவதில்லை. கேட்க வேண்டியதைக் காலாகாலத்தில் கேட்காதவளிடம் அவர் பேச என்ன இருக்கிறது?

நேற்று அவர் கணவாய்க்குக் கிளம்பியபோது, எனக்கு இன்று விடுப்புதான் என்று சொல்லிவிட்டு லாரியின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். அவர் வண்டியை எடுத்தார். கடைவீதி வழியாகப் போக வேண்டியதில்லை, ஏரியோரமாகவே போயிருக்கலாம். நான்தான் கடைவீதிப் பக்கம் திருப்பச் சொன்னேன். திருப்பினார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். எல்லோரும் பார்த்தார்கள். நான் ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டேன்.

கனிஷாய்